கம்பியில்லாத வார்டு

அண்ணன் வெள்ளிங்கிரி தன் வயிற்றில் ஒட்டியிருந்த வட்டத் தகட்டைப் பிய்த்துக் கட்டிலில் போட்டபோது காலை மணி ஆறு பத்து. நான் போனைப் பார்த்து நிமிடங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பத்து ஆனது, இருபது ஆனது, முப்பதும் தாண்டியது. அண்ணன் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

"அம்மணி, பம்பு ஓடுதா?"

"ஓடுது."

"நெசமாவா?"

"ஓடாட்டி இந்நேரம் நீங்க கேள்வி கேட்டுட்டு நிப்பீங்களா?" என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. எட்டு வருட வேலை அது. கொஞ்சம் அழுதுகொள்ள எனக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன் அண்ணனின் இதயம் கைவிரித்துவிட்டது. நெஞ்சுக்குள் ஒரு சின்னப் பம்பை வைத்துத் தைத்தார்கள். அது ஓடக் கரண்டு வேண்டும். தோளில் இரண்டரைக் கிலோ பேட்டரிப் பை, பையிலிருந்து ஒரு வயர், வயரின் நுனியில் வயிற்றில் ஒட்டும் அந்தத் தகடு. தகட்டுக்குள் ஒரு காயில், அதாவது கம்பிச் சுருள், தோலுக்கு அடியில் இன்னொரு காயில். குளித்தாலும் தூங்கினாலும் பை கூடவே இருக்க வேண்டும். உள்ளே பட்டாணி அளவில் ஒரு சேமிப்பு பேட்டரி உண்டு. வெளிக் கரண்டு நின்றால் அது அரை மணி நேரம் தாங்கும், அதற்கு மேல் தாங்காது.

அன்றைக்கு அந்தப் பை தேவைப்படவில்லை. கோயம்புத்தூருக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் காரைத்தோட்டம் வார்டில் அன்றைக்கு ஒரு மின்கம்பம்கூடக் கிடையாது. எல்லாவற்றையும் முந்தின மாதமே பிடுங்கி, தற்காலிகமாக இழுத்திருந்த வயரையும் அன்று அதிகாலையில் துண்டித்துவிட்டோம். தெருவுக்கு அடியிலும் ஒவ்வொரு வீட்டுத் தரைக்கு அடியிலும் காயில்களைப் பதித்திருந்தோம். விளக்கு, மின்விசிறி, மிக்ஸி எல்லாம் தரையிலிருந்து எழும் காந்தப்புலத்தில் ஓடும். பதினோரு மணிக்குத் திறப்பு விழா. பொறுப்பான பொறியாளர் துளசிமணி, அதாவது நான்.

அண்ணன் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருப்பவர். அவருக்கு நான் படம் போட்டு விளக்க வேண்டியதே இல்லை.

"டிரான்ஸ்பார்மர்ல இந்தப் பக்கம் ஒரு சுத்து, அந்தப் பக்கம் ஒரு சுத்து. நடுவுல தொடறதே இல்ல. இந்தப் பக்கம் கரண்டு ஆடினா அந்தப் பக்கம் தானா ஆடுது. நீ ஒரு பக்கத்தத் தரையில பொதச்சிட்ட, இன்னொரு பக்கம் என்ற வயித்துல கெடக்குது. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"இதுக்கா எட்டு வருசம்?"

பை இருந்தவரை போட முடியாமல் பீரோவில் கிடந்த ஒரு நீலச் சட்டையை எடுத்து, இன் பண்ணி, பெல்ட் கட்டி, கண்ணாடி முன்னால் நின்று ஒரு சுற்று சுற்றிப் பார்த்துக்கொண்டார். நாற்பத்தாறு வயது மனிதர் பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குக் கிளம்பும் பையனாட்டம் வாசலில் இறங்கிப் போனார். பையும் தகடும் மட்டுமல்ல, போனும் கட்டிலிலேயே கிடந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவு சந்தோஷம்.

ஆறு மணிக்கு அரை அளவில் இருந்த புலத்தைப் பத்து மணிக்கு முழு அளவுக்கு ஏற்றினோம். கட்டுப்பாட்டு அறையில் எல்லா எண்களும் பச்சையில் நின்றன. நான் பட்டுச்சேலைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு, மேடையில் என்ன பேசுவது என்று வாய்க்குள் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வார்டு நர்ஸ் பிலோமினா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"மேடம், பிள்ளைகள்லாம் அழுவுது."

"எந்தப் பிள்ளைக?"

"கைக்குழந்தைங்க. பதினோரு வீட்லருந்து போன் வந்திருச்சு. தூக்கினா அடங்கல, பால் குடுத்தா குடிக்கல."

"வெளிய மேளம், ஸ்பீக்கரு, கூட்டம். அழாம என்ன பண்ணும்?"

பிலோமினா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "எல்லாம் பத்து மணிக்கு மேல ஆரம்பிச்சிருக்கு. பதினோரு பிள்ளைகளும் ஒண்ணாச் சேர்ந்து நேரம் குறிச்சு வெச்சிட்டு அழுவுமா மேடம்?"

எனக்குச் சுருக்கென்றது. முதலில் வந்தது கோபம்தான், அதை மறைப்பானேன். இத்தனை வருடம் கழித்து இன்றைக்கா என்ற கோபம். அதை விழுங்கிவிட்டு அவள் ஸ்கூட்டரின் பின்னால் ஏறினேன்.

இரண்டு தெரு தள்ளி சரண்யாவின் வீடு. ஒன்பது மாதக் குழந்தை யாழினி, அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து வீறிட்டுக்கொண்டிருந்தாள். சரண்யாவின் முகமும் அழுதுவிடும் நிலையில் இருந்தது.

"ஏதாச்சும் கடிச்சிருக்குமான்னு தொட்டில உதறிப் பாத்தனுங்க. ஒண்ணுமில்ல. அதிசயம் என்னன்னா, படுக்க வெச்சா கம்முனு ஆயிர்றா. தூக்கி உக்கார வெச்சா ஆரம்பிச்சர்றா."

"ஒருக்கா செஞ்சு காட்டுங்க."

பாயில் படுக்க வைத்தாள். விக்கலோடு அழுகை அடங்கியது. கையைப் பிடித்து உட்கார வைத்தாள். ஐந்து விநாடி போயிருக்கும், குழந்தையின் முகம் சுருங்கி மறுபடியும் அலறல். திரும்பப் படுக்க வைத்தால் அமைதி. ஒரு சுவிட்சைப் போட்டு அணைப்பது போல இருந்தது. படுத்தால் இல்லை, நிமிர்ந்தால் உண்டு என்று நடந்துகொள்ளும் பொருள் ஒன்றைத்தான் என் தொழிலில் நான் அறிவேன். அது மூடிய வளையம்.

கவுனைத் தூக்கினேன். இடுப்பில் வெள்ளி அரைஞாண் கொடி. தொட்டுப் பார்த்து விரலை இழுத்துக்கொண்டேன். கொடிக்கு அடியில் இடுப்பைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு, முதுகுப் பக்கம் ஒரு கொப்புளம்.

"சரண்யா, மூணு மாசம் முன்னால வீட்டுக்கு வீடு ஒரு ஃபாரம் குடுத்தமே. கொழந்தை என்னென்ன நகை போட்டிருக்குன்னு கேட்டிருந்தோம். நீங்க என்ன எழுதினீங்க?"

"இல்லைன்னு எழுதினனுங்க. வளையல் கொலுசெல்லாம் கழட்டி வெச்சாச்சுங்களே."

"இது?"

அவள் நான் கேட்டதே புரியாமல் பார்த்தாள். "இது அரணாக்கொடிங்க. நகை இல்லீங்களே."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. சோதனைக்கு வேண்டிய பட்டியல் வெளிநாட்டு ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. மோதிரம், மூக்குக்கண்ணாடி, கைக்கடிகாரம், எலும்பில் வைத்த தகடு. அதோடு மெட்டி, கொலுசு, தாலிச்சங்கிலி என்று எங்கள் ஊர்ச் சாமான்களை நான் சேர்த்தேன். நம்ம ஊரை மறக்காத பொறியாளர் என்று கூட்டத்தில் கைதட்டினார்கள். நான் பிறந்து முப்பதாம் நாளிலிருந்து இந்தக் கொடியோடு வளர்ந்தவள்தான். குழந்தையை அம்மணமாக நிற்க வைத்துக் குளிப்பாட்டும்போதும் இடுப்பில் இது கிடக்கும். அப்போதும் குழந்தை ஒன்றும் போடாமல் நிற்கிறது என்றுதான் சொல்வோம். வார்டில் கைக்குழந்தை வைத்திருக்கும் இருநூற்றுப் பதினான்கு தாய்மார்களும் எழுதாமல் விட்டதைப் பட்டியல் போட்ட நானும் விட்டுவிட்டேன்.

"அது என்னங்க மேடம், படுத்தா சுடறதில்ல?" பிலோமினா பையில் எதையோ தேடிக்கொண்டே கேட்டாள்.

"புலம் தரையிலருந்து நேரா மேல வருது. பிள்ளை உக்காந்தா, நின்னா, வளையத்துக்கு நடுவால பூந்து போகும். ஆடி ஆடிப் போற புலம். அப்ப வளையத்துக்குள்ள கரண்டு ஓடும், கண்ணிக்குக் கண்ணி ஒரசற எடத்துல சூடாகும். படுத்தா வளையம் செங்குத்தா நிக்குது, பூந்து போக வழியில்ல."

"இண்டக்சன் அடுப்பு மாதிரியா?"

"அதே கதைதான். பாத்திரத்துக்குப் பதிலா பிள்ளை இடுப்பு."

சரண்யா அதைக் கேட்டதும் குழந்தையை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். குழந்தை மறுபடி அலறியது. கொடியைக் கழற்றலாம் என்றால் கொக்கியே கிடையாது. தொலைந்துபோகக் கூடாது என்று ஆசாரி நுனியைப் பற்றவைத்துவிட்டிருந்தார். வார்டு முழுக்க அப்படித்தான். பிலோமினா எங்கிருந்தோ ஒரு கட்டிங் பிளையரை எடுத்து, இடுப்புக்கும் கொடிக்கும் நடுவே தன் விரலைக் கொடுத்து ஒரே நறுக்கில் வெட்டினாள். யாழினி உட்கார்ந்தாள். அழவில்லை. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டுப் பிளையரைப் பிடிக்கக் கையை நீட்டினாள்.

ஒரு வளையம் வெட்டியாயிற்று. இன்னும் இருநூற்றுப் பதின்மூன்று. எல்லாரையும் படுக்க வைக்கச் சொல்லலாம், ஆனால் உட்காரக் கற்றுக்கொண்ட குழந்தையை யாராலும் படுக்க வைத்திருக்க முடியாது.

திட்ட இயக்குநருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். பின்னால் மேளச் சத்தம் கேட்டது.

"மேடையில எல்லாரும் வந்தாச்சும்மா. ஒரு மணி நேரம் பொறுக்க முடியாதா? கொடியெல்லாம் வெட்டச் சொல்லி ஆள் அனுப்பு. இப்ப ஆபத்துன்னு எழுதி நிறுத்தினா மறுபடி அனுமதி வாங்க ஒரு வருசம் ஆகும். உங்கண்ணனையும் நெனச்சுப் பாரு."

அண்ணனை நினைக்கச் சொன்னதும்தான் எனக்கு உறைத்தது. அண்ணன் எங்கே? அவர் எண்ணுக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கட்டிலில் கிடந்த போனும், பக்கத்தில் கிடந்த பையும் அப்போதுதான் என் கண்முன்னால் வந்தன. வார்டு என்பது நாலு சதுர கிலோமீட்டர். அதற்குள் ஒரு மனிதர் நீலச் சட்டை போட்டுக்கொண்டு மூன்று வருடங்களில் முதல் தடவையாகக் கை வீசி நடந்துகொண்டிருக்கிறார்.

அவரைத் தேடிப் பிடித்துவிட்டு நிறுத்தலாம். அதற்குப் பத்து நிமிடமும் ஆகலாம், ஒரு மணியும் ஆகலாம். அடுத்த வீட்டிலிருந்து இன்னொரு குழந்தையின் அழுகை கேட்டது. அதற்கடுத்த வீட்டிலிருந்தும் கேட்டது. நான் போனில், வார்டு முழுக்கப் புலத்தை நிறுத்தும் சிவப்புக் கட்டத்தைத் திறந்து கட்டைவிரலை அழுத்திப் பிடித்தேன். மணி பத்து ஐம்பத்தெட்டு.

மின்விசிறிகள் நின்றன. ஸ்பீக்கர் பாதிப் பாட்டில் அறுந்தது. பிறகு தெரு முழுக்கக் குழந்தைகளின் அழுகை ஒவ்வொன்றாக ஓய்ந்தது. அதைக் கேட்டபோது எனக்கு உண்டான நிம்மதி சொல்லி மாளாது. அதே நொடியில் அண்ணனின் அரை மணி நேரமும் ஓட ஆரம்பித்தது.

"நீ வீடு வீடாப் போயி வெட்டு," என்று பிலோமினாவிடம் சொல்லிவிட்டுப் பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினேன். முதலில் வீடு. பையை எடுத்தேன், தகட்டை எடுத்தேன். பையின் விளக்கு சிவப்பில் இருந்தது, பேட்டரி காலி. ராத்திரி சார்ஜில் போட வேண்டியது என் வேலை. விடிந்தால் இந்தப் பையே தேவையில்லை என்ற குஷியில் போடாமல் படுத்துவிட்டேன். இப்போது சுவரில் இருந்த பிளக்கும் செத்துக் கிடந்தது. கம்பம் பிடுங்கிய வார்டில் கரண்டு வேறு எங்கிருந்து வரும்?

ஆம்புலன்சுக்குச் சொன்னேன். விழாவுக்காகச் சாலைகளை அடைத்திருப்பதால் நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள்.

டீக்கடையில் கேட்டேன். வந்து ரெண்டு டீ குடித்துவிட்டுப் போனாராம். முக்கில் பூ விற்பவரைக் கேட்டேன். "சட்டையைக் காட்டிட்டுப் போனாரே, பட்டறைப் பக்கம்," என்றார். பட்டறைக்குள் நான் போய் விழுந்தபோது மணி பதினொன்று பதினாறு. அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது, புத்தி தெளிவாக இருந்தது.

"கரண்டு போச்சு. நீதான் நிறுத்தினயா?"

"ஆமாண்ணா."

"எதுக்கு?"

மூன்று வாக்கியத்தில் சொன்னேன்.

"மறுபடி எப்ப வரும்?"

"ஒரு வருசம் ஆகும்."

"செரி," என்றார். திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பன்னிரண்டு நிமிடம் மிச்சம். போன் அடித்தது, பிலோமினா. "பத்தொம்பது பிள்ளைகளுக்கு வெட்டியாச்சு மேடம்." மீதியைக் கழித்துப் பார்த்தேன். நூற்றுத் தொண்ணூற்று ஐந்து. அந்தச் சிவப்புக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே பச்சைக் கட்டம் இருந்தது. ஒரு அழுத்து, அண்ணன் எழுந்து நடப்பார். அரைக்கால் அளவில், ஐந்தே நிமிடம் போட்டால் என்ன என்று என் மூளை கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. என் விரல் அதன் மேல் போய்விட்டது. பொய் சொல்லவில்லை, போய்விட்டது.

"போனைக் கீழ வை," என்றார் அண்ணன்.

"அண்ணா, அஞ்சே நிமிசம்..."

"வைங்கறேன். எந்திரிச்சு அந்தப் பெஞ்சைப் பாரு. அது என்ன?"

பெஞ்சில் ஒரு மின்விசிறி மோட்டார் இறக்கை இல்லாமல் கிடந்தது. புதுமாதிரி, உள்ளே காந்தம் வைத்தது. பக்கத்தில் காயில் சுற்றும் கைமிஷின், பிடியும் பல்சக்கரமுமாக.

"கம்பிக்குப் பக்கத்துல காந்தம் சுத்தினா கரண்டு வருமா வராதா? படிச்சவதானே நீ."

நான் பாய்ந்து எழுந்தேன். அண்ணன் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லச் சொல்ல, மோட்டாரின் மூன்று வயர்களையும் சீவி, கரண்டை ஒரே திசைக்குத் திருப்பும் டயோடு கட்டையில் சொருகி, அங்கிருந்து பையின் வாய்க்கு இழுத்தேன். கைமிஷினுக்கும் மோட்டாருக்கும் ஒரு பெல்ட்டை மாட்டினேன். அவசரத்தில் இரண்டு தடவை பிளஸ் மைனஸ் மாறிப்போனது. தகட்டை அவர் வயிற்றில் ஒட்டிவிட்டுப் பிடியைச் சுற்றினேன். பையில் பச்சை விளக்கு மினுக்கென்று ஒரு தடவை எரிந்து அணைந்தது. இன்னும் வேகமாகச் சுற்றினேன். எரிந்தது.

"வருதா?"

"வருது, வருது. வாய மூடிட்டுச் சுத்து."

கைப்பிடி கனமாக இருந்தது. மின்சாரம் எடுக்க எடுக்க அது கையை எதிர்த்துத் தள்ளும். இதைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன், தோள்பட்டையில் இப்போதுதான் வாங்குகிறேன். எட்டாவது நிமிடத்தில் வலது கை மரத்தது. இடது கைக்கு மாற்றினேன். விளக்கு மங்கியது. ஆம்புலன்ஸ் வர இன்னும் கால் மணிக்கு மேல் இருந்தது.

அப்போது தெருவில் பெண்களின் சத்தம். ஏழெட்டுப் பேர், இடுப்பில் குழந்தைகளோடு. முன்னால் சரண்யா. பட்டறை வாசலில் வந்து நின்று ஆரம்பித்தாள்.

"எங்கீங்க அந்த இஞ்சினியரம்மா? பச்சப் புள்ளைங்க இடுப்பைச் சுட்டுட்டு எங்க வந்து ஒளிஞ்சிட்டிருக்கீங்க? எங்க புள்ளைங்கள வெச்சா சோதனை பண்ணிப் பாத்தீங்க?"

என்னால் நிமிரவும் முடியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. "என்ன வேண்ணாலும் கேளுங்க. நின்னு பதில் சொல்றேன். இப்பக் கைய எடுத்தா எங்கண்ணன் செத்துருவாரு."

சரண்யா என்னைப் பார்த்தாள். வயரைப் பார்த்தாள். வயர் போய்ச் சேர்ந்த வயிற்றையும், வெளுத்த முகத்தையும் பார்த்தாள். யாழினியைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்தாள்.

"தள்ளுங்க," என்றாள். "உங்களுக்காக ஒண்ணும் இல்ல. அண்ணனுக்காக."

அவள் மாவாட்டிப் பழகிய கையா, நெசவுப் பழக்கமா தெரியவில்லை. பிடியை வாங்கியதும் விளக்கு நிமிர்ந்து எரிந்தது. அவளுக்கு அடுத்து இன்னொருத்தி, பிறகு மறுபடியும் அவள். யாரும் என்னோடு பேசவில்லை. நான் ஓரமாக நின்று மரத்த கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாக நன்றியாகவும் இருந்தது.

பதினொன்று நாற்பதுக்குப் பிலோமினா வேர்க்க விறுவிறுக்க வந்தாள். வந்ததும் பழக்கதோஷத்தில் அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"மேடம், அண்ணனுக்கு நாடி கெடையாதுல்ல?"

"கெடையாது. அந்தப் பம்பு துடிக்காது. குழாய்த் தண்ணி மாதிரி ஒரே சீரா ரத்தத்தைத் தள்ளிட்டே இருக்கும். மூணு வருசமா நாடி இல்ல."

"இப்ப இருக்குங்க."

நான் கைபோட்டுப் பார்த்தேன். விரலுக்கு அடியில் தட்டியது. கொஞ்சம் விட்டு மறுபடி தட்டியது. சரண்யா பிடியைக் கீழே தள்ளும்போது கரண்டு ஏறுகிறது, மேலே இழுக்கும்போது இறங்குகிறது. சமன்படுத்தப் பையிலும் சேமிப்பு இல்லை, உள்ளேயும் இல்லை. அவள் கை போகிறபடியே நேராகப் பம்பு போய்க்கொண்டிருந்தது.

"என்னம்மணி?" என்றார் அண்ணன். நான் அவருடைய இரண்டு விரல்களை எடுத்து அவர் கழுத்தின் ஓரத்தில் வைத்து அழுத்தினேன்.

அவர் சரண்யாவின் கையைப் பார்த்தார், அது கீழே போய் மேலே வருவதை. அவர் உதடு கோணியது. மூன்று வருடத்தில் மருத்துவமனையிலோ வீட்டிலோ ஒரு தடவைகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை.

ஆம்புலன்ஸ் ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டது. முழுசாகச் சார்ஜ் ஏறிய புதுப் பையோடு ஒருவர் இறங்கி ஓடிவந்து, மாட்டுவதற்கு வயரைக் கையில் எடுத்தார். அண்ணன் கழுத்திலிருந்து விரலை எடுக்காமலே மற்றக் கையைத் தூக்கி அவரை நிறுத்தினார்.

"ரெண்டு நிமிசம் இருங்க. அந்தப் புள்ளை கொஞ்சம் சுத்தட்டும்," என்று கண்ணை மூடிக்கொண்டார்.

சரண்யாவுக்கு ஒன்றும் புரியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கை மாற்றினாள். அப்போது ஒரு துடிப்பு தவறியது. அண்ணன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். அடுத்தது வந்தது.